மானிடவியல் மாப்பிள்ளை

சேலம் அரிசிப்பாளையத்தில் அந்தக் காலத்தில் எந்தப் படிப்புக்கு எவ்வளவு சீதனம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு எங்காவது குமாஸ்தாவாக இருப்பவனுக்கு ஐந்நூறு. பி.ஏ.வுக்கு ஆயிரத்தைந்நூறும் ஒரு கைக்கடிகாரமும். எஞ்சினீயர் என்றால் பெண் வீட்டார் காடு தோட்டத்தை விற்க வேண்டியதுதான். ஆகவே 1961-ல் மிக்கேலின் மகன் ஞானதாஸ் சென்னையில் எம்.ஏ. முடித்து ரயிலைவிட்டு இறங்கியபோது, பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் கொஞ்சம் பயந்துதான் போனார்கள். என்ன எம்.ஏ. என்று விசாரித்த பிறகு அந்தப் பயம் தெளிந்துவிட்டது.

மானிடவியல் என்றான் ஞானதாஸ். அதற்கு மேல் விளக்கும் பொறுப்பு மிக்கேல் தலையில் விழுந்தது. அவர் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருந்தவர். எதைச் செய்தாலும் அது எத்தனை டன் தாங்கும் என்று சொல்லிப் பழகியவர். மகனுடைய படிப்பு என்ன தாங்கும் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மனுசனைப் பத்திப் படிச்சிருக்கானுங்க" என்பார்.

"அதுக்கு எதுக்குங்க மெட்ராசு? நம்ம சந்தையில இல்லாத மனுசனுங்களா?" என்பார்கள்.

ஞானதாஸ் கொண்டுவந்த சாமான்களில் மனிதர்களின் தலையை அளக்கும் இரும்புக் கருவி ஒன்று இருந்தது. மிக்கேல் அதை வாங்கி விரித்துப் பார்த்தார், சுருக்கிப் பார்த்தார், பலகையின் கனம் பார்க்க ஆகும் என்று பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டார். ஆறு வருஷப் படிப்பில் அந்தக் குடும்பத்துக்கு முதலில் கிடைத்த லாபம் அதுதான்.

வேலைவாய்ப்பு ஆபீசில் பெயர் பதியப் போனான். அங்கிருந்தவர் நல்ல மனுஷர். அச்சடித்த பட்டியலில் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடினார். மானிடவியல் இல்லை. கடைசியில் 'இதரம்' என்ற தலைப்பில் எழுதிக்கொண்டு, "கவலைப்படாதீங்க, இதுல உங்களோட இன்னும் மூணு பேர் இருக்காங்க. ஒருத்தர் சர்க்கஸ்ல சைக்கிள் விட்டவர்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

இதையெல்லாம் ஞானதாஸ் சிரித்துக்கொண்டே தாங்கியிருப்பான், மரியபுஷ்பம் என்ற ஒருத்தி இல்லாதிருந்தால். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. கோயில் பாட்டுக் குழுவில் அவன் ஆர்மோனியம் வாசிக்க, அவள் பாடுவாள். அவன் கட்டையை மாற்றி அமுக்கினாலும் அவள் சுருதி தப்பாமல் பாடி அவன் மானத்தைக் காப்பாற்றுவாள். அவளை விட்டால் தனக்கு வேறு கதி இல்லை என்று அவன் முடிவு கட்டியிருந்தான். அவளும் அப்படித்தான். பாக்கியிருந்தது அவளுடைய அப்பா மட்டும்.

அப்பா தோமினிக்குக்கு செவ்வாய்பேட்டையில் ஜவ்வரிசி மண்டி. ஞானதாஸ் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு ஒரு நாள் மண்டிக்கே போய் நின்றான். அவர் உட்காரச் சொன்னார், டீயும் வாங்கிக் கொடுத்தார்.

"தம்பி, நானு ஜவ்வரிசி யாவாரி. சரக்கை வாயில போட்டுக் கடிச்சுப் பார்த்துத்தான் வெலை சொல்லுவேன். உங்க படிப்பை எந்தப் பக்கம் கடிக்கிறதுன்னே தெரியலீங்களே. மாசம் என்ன வரும்?"

"இப்போதைக்கு ஒண்ணும் வராதுங்க. இந்தத் தேசத்துல எங்க படிப்புக்கு இருக்கிற வேலையே கொஞ்சந்தானுங்க. யாராச்சும் ஒருத்தர் ரிட்டயர் ஆனாத்தான்..."

"ரிட்டயர் ஆனா உங்களைக் கூப்புடுவாங்களா?"

"அவரோட மாணவரைக் கூப்புடுவாங்க."

ஞானதாஸிடம் பொய் சொல்லத் தெரியாத கெட்ட பழக்கம் ஒன்று இருந்தது. தோமினிக் ரொம்ப மரியாதையாக, "வெலையில்லாத சரக்கை நான் எடுக்கிறதில்லீங்க தம்பி" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

அடுத்த மாதமே புஷ்பத்துக்கு வேறு மாப்பிள்ளை பேசிவிட்டார்கள். ஆத்தூர்ப் பக்கத்துச் சவரிநாதன், ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். மாதம் நூற்று நாற்பது ரூபாய் சம்பளம், வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு இலவசமாகப் போய்வர பாஸ். சீதனம் இரண்டாயிரம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சாமியார் முதல் ஓலையை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். மூன்றும் முடிந்தால் தாலிதான். ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த ஞானதாஸுக்கு விரல் ஓடவில்லை.

பூசை முடிந்ததும் மணிக்கூண்டுப் பக்கம் புஷ்பம் அவனைப் பிடித்துக்கொண்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் குரலில் கோபம்தான் இருந்தது.

"ஆறு வருசம் படிச்சீங்களே, இதுக்கு ஒரு வழியும் அதுல இல்லீங்களா? இன்னும் ரெண்டு ஓலைதான் பாக்கி."

வழி இருக்கிறதோ இல்லையோ, அவனிடம் ஒரு சுருள் இருந்தது. வேலையில்லாமல் கை அரித்த எட்டு மாதத்தில், பழுப்புத் தாள்களை ஒட்டி ஒட்டிப் பங்கிலுள்ள குடும்பங்களின் உறவையெல்லாம் படமாக வரைந்து வைத்திருந்தான். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு, பிள்ளைக்கு ஒரு கோடு. அவன் அம்மா இன்னாசிமேரி அதைக் கோலம் என்று நினைத்துக்கொண்டு, இவ்வளவு கோணலாகப் போட்டால் வாசலில் யாரும் கால் வைக்கமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சுருளை விரித்தான். தோமினிக்கின் அப்பாவைப் பெற்றவள் சூசையம்மாள். சவரிநாதனின் அப்பாவுக்கு அப்பாவைப் பெற்றவள் லூசியம்மாள். மடத்தில் நாற்பது வருஷம் சமையல் செய்து ஓய்ந்த செசீலிக் கிழவி, இந்த இருவரும் மதலேனாள் என்று இன்னொருத்தியும் அக்கா தங்கைகள் என்று சொன்னது அவன் கையெழுத்திலேயே ஓரத்தில் இருந்தது. மூன்றாமவள் எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்று கிழவிக்குத் தெரியவில்லை, அவளுடைய வட்டம் மட்டும் வாரிசில்லாமல் நின்றது. அது போகட்டும். அக்கா தங்கை பெற்ற பையன்கள் அண்ணன் தம்பி. அவர்களுடைய பையன்களும் அண்ணன் தம்பி. அந்தப் பையன்களுக்குப் பிறந்த சவரிநாதனும் புஷ்பமும்? அண்ணன் தங்கை! ஞானதாஸ் எழுந்து நின்று தாளைக் கும்பிட்டான்.

தோமினிக்கிடம் போனால் ஆதாரம் கேட்பார் என்று, அவர் மண்டிக்குப் போன நேரம் பார்த்து அவர் மனைவி தெரசம்மாளிடம் போனான். சுருளைத் தரையில் விரித்து, சூசையம்மாளிலிருந்து புஷ்பம் வரைக்கும், லூசியம்மாளிலிருந்து சவரிநாதன் வரைக்கும் விரலால் நடந்து காட்டினான்.

"அட மாதாவே! அண்ணனுக்கா தங்கச்சியைக் கட்டப் பார்த்தோம்!" என்று தெரசம்மாள் தலையில் கை வைத்தாள்.

விஷயம் பங்குச் சாமியார் வரைக்கும் போனது. கோயில் சட்டம் மூன்று தலைமுறையோடு விட்டுவிடும், இது அதற்கும் அப்பால், தடையே இல்லை என்றார் அவர். தெரசம்மாள் விடவில்லை.

"உங்க சட்டத்தை ரோமாபுரியில எழுதுனாங்க சாமி. அவங்களுக்கு அத்தை மகளும் ஒண்ணு, சித்தி மகளும் ஒண்ணு. எங்களுக்கு அப்படியில்லீங்க. ஒருத்தி மொறைப்பொண்ணு, இன்னொருத்தி தங்கச்சி."

இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. சவரிநாதன் வீட்டாரும் காதைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். இரண்டே மாதத்தில் திருச்சியில் வேறு பெண் பார்த்து, மூவாயிரம் சீதனத்தோடு அவனுக்குக் கல்யாணமும் முடித்துவிட்டார்கள். ஆகக்கூடி யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் சேதி பரவிவிட்டது. மிக்கேல் மகனிடம் ஒரு சுருள் இருக்கிறதாம், அதை விரித்தால் கல்யாணம் நின்றுவிடுமாம்! பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தவர்களுக்கெல்லாம் கவலை பிடித்துக்கொண்டது. தாலி கட்டின பிறகு அண்ணன் தங்கை என்று தெரிந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது? முதலில் ஒருவர் தேங்காயோடு வந்தார். அடுத்தவர் ஒரு படி நிலக்கடலையோடு வந்தார். மூன்றாமவர் இரண்டு ரூபாய் வைத்தார், அதுவே கட்டணம் ஆகிவிட்டது. நாமகிரிப்பேட்டையிலிருந்தும் பனமரத்துப்பட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். ஞானதாஸ் கேட்டான், வரைந்தான், சொன்னான். பார்க்கச் சொல்லிக் காசு கொடுத்தவர்களைவிட, பார்க்காமலிருக்கச் சொன்னவர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். ஆத்தூர் லாரி முதலாளி ஒருவர், "தம்பி, எங்க ஊட்டுப் பக்கம் மட்டும் அந்தத் தாளைச் சுருட்டியே வச்சிருங்க" என்று பத்து ரூபாயைச் சட்டைப் பையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

மிக்கேலுக்குத் தலைகால் புரியவில்லை. லாரி பெயிண்டரைக் கூப்பிட்டு வாசலில் ஒரு போர்டு எழுதி மாட்டினார். 'எம். ஞானதாஸ், எம்.ஏ., உறவுமுறை பார்த்துச் சொல்லப்படும்.' இரண்டு பக்கமும் தாமரைப்பூ. அடியில் பெயிண்டர் பழக்கதோஷத்தில் 'ஹாரன் அடிக்கவும்' என்றும் எழுதிவிட்டான். சில பேர் வாசலில் நின்று சைக்கிள் மணி அடித்துவிட்டே உள்ளே வந்தார்கள்.

ஆறு மாதத்தில் ஞானதாஸ் கூட்ஸ் கிளார்க்கைவிட அதிகம் சம்பாதித்தான். அதைத் தெரிந்துகொண்ட தோமினிக் ஒரு காலையில் வெற்றிலை பாக்கோடு வந்துவிட்டார். மிக்கேல் மூவாயிரம் கேட்டார். தோமினிக் மூக்கால் அழுதார். இரண்டாயிரத்தைந்நூறில் முடிந்தது. உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஞானதாஸுக்கு இந்தப் பேரம் பிடிக்கவில்லைதான். ஆனாலும் புஷ்பம் கிடைக்கப் போகிற சந்தோஷத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான்.

புறப்படும்போது தோமினிக் இரண்டு ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எதுக்கும் நம்ம ரெண்டு ஊட்டையும் ஒருக்காப் பார்த்துருங்க தம்பி. தொழில்னாத் தொழில்."

ஊரில் உள்ள வீடெல்லாம் புகுந்து கேட்டவன் தன் வீட்டில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. தன் வீடு எல்லோருக்கும் தெரிந்த வீடு போலத்தான் தோன்றும், படித்தவனுக்கும் அப்படித்தான். அன்றுதான் முதல்முறையாக, "உங்கப்பாவைப் பெத்தவங்க பேரு என்னங்கப்பா?" என்றான்.

"மதலேனாள்னு சொல்லுவாங்க. நான் பொறக்கறதுக்கு முன்னமே செத்துட்டாங்க. மடத்துல வளந்தவங்களாம்."

ஞானதாஸ் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. வாரிசில்லாமல் நின்ற மூன்றாம் வட்டத்துக்கு வாரிசு கிடைத்துவிட்டது. அவனேதான். சவரிநாதன் புஷ்பத்துக்கு எந்த வழியில் அண்ணனோ, ஒரு கோடு பிசகாமல் அதே வழியில் அவனும் அண்ணன்.

ரப்பர் பக்கத்தில்தான் கிடந்தது. தேய்த்தால் யாருக்குத் தெரியும்? அப்பா அந்தப் பெயரை எங்காவது சொன்னால் செசீலிக் கிழவிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் கிறிஸ்துமசுக்குள் ஊருக்குத் தெரியும். ஒரு பகல் முழுக்கத் தவித்துவிட்டு, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் போய்ப் புஷ்பத்திடம் சொன்னான்.

"அப்ப நானு உங்களுக்குத் தங்கச்சியா?" என்று அவள் முதலில் சிரித்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அந்தக் கெழவி சொன்னதை எதை வச்சு நம்புனீங்க?"

எதை வைத்து? கிழவி 'அக்கா தங்கச்சிங்க' என்றாள், அவன் எழுதிக்கொண்டான். ஊரில் ஒருவரையொருவர் கூப்பிடுவதை வைத்து ரத்த உறவைத் தீர்மானிக்காதே என்று பேராசிரியர் முதல் வருஷமே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ரொம்பவும் அவசரப்பட்டபோது அந்தப் பாடம் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

புஷ்பம் மடத்து மதரிடம் கெஞ்சி, பழைய பதிவுப் புத்தகத்தை எடுக்க வைத்தாள். மதரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துச் சொன்னார். 1877, தாது வருஷத்துப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது, ஒரே வாரத்தில் மூன்று பெண் குழந்தைகள் மடத்துக்கு வந்திருக்கிறார்கள். ஒருத்தி ஆத்தூர்ச் சாலையிலிருந்து, ஒருத்தி நாமகிரிப்பேட்டையிலிருந்து, ஒருத்தி பனமரத்துப்பட்டி ஏரிக்கரையிலிருந்து. வயது ஐந்து, ஆறு இருக்கலாம். பெற்றோர் பெயர் தெரியவில்லை. சூசையம்மாள், லூசியம்மாள், மதலேனாள் என்று மடத்திலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் அந்தக் காலத்து மதர் எழுதி வைத்திருந்தார்: 'மூவரும் ஒரே பாயில் படுக்கிறார்கள். பிரித்தால் சாப்பிட மறுக்கிறார்கள்.'

மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஞானதாஸுக்கும் கண் கலங்கிவிட்டது. தாளில் வெறும் வட்டமாகப் போட்ட ஆட்களா இவர்கள் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அழுது முடித்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. மூவருக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது, ஆகவே புஷ்பம் அவனுக்குத் தங்கை இல்லை. நல்லது. ஆனால் அதைச் சொன்னால், சவரிநாதன் கல்யாணத்தை அவன் நிறுத்தியது தப்பு. அது தப்பென்றால் அந்தச் சுருளில் வேறு எத்தனை தப்போ! அதன் பிறகு இரண்டு ரூபாய் என்ன, இரண்டு தேங்காய்கூட எவனும் தரமாட்டான். வருமானம் போனால் தோமினிக் பெண் தரமாட்டார். சொல்லாவிட்டாலோ அவள் தங்கை. படிப்பின் மதிப்பைக் காப்பாற்றினால் பெண் இல்லை, பெண்ணைக் காப்பாற்றினால் படிப்புக்கு மதிப்பில்லை. அவன் அரை நாள்தான் யோசித்தான். பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு தோமினிக் வீட்டுக்குப் போய், ஒன்று விடாமல் சொல்லிவிட்டான்.

தோமினிக் நிதானமாகக் கேட்டார்.

"அப்ப, மொத ஓலையோட நிறுத்துனது?"

"தப்புங்க."

"ஊராரு பூராத்துக்கும் பார்த்துச் சொன்னது?"

"எது சரி, எது தப்புன்னு எனக்கே தெரியாதுங்க. போர்டைக் கழட்டிர்றேன். வாங்குனதையும் திருப்பிக் குடுத்துர்றேன்."

மிக்கேல் மகனைப் பார்த்த பார்வையில் ஒரு லாரியே குடைசாய்ந்திருக்கும்.

"அப்ப இனிமே மாசம் என்ன வரும்?"

"ஒண்ணும் வராதுங்க."

தெரசம்மாள் அவர்கள் இருவரையும் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"காசு கெடக்குது. ரத்தம் இல்லேன்னா அக்கா தங்கச்சி இல்லேன்னு ஆயிருமா? அப்பன் ஆத்தா செத்து, சோத்துக்கில்லாம வந்த புள்ளைங்க. ஒரு பாயில படுத்து, பிரிச்சாச் சாப்பிட மாட்டேன்னு சொன்ன புள்ளைங்க. அவங்க அக்கா தங்கச்சி இல்லேன்னு சொல்ல உங்க படிப்பு யாருங்க தம்பி? இந்தக் கல்யாணம் ஆவாது."

ஞானதாஸுக்கு ஆறு வருஷத்தில் எந்தப் பேராசிரியரும் உறவு என்றால் என்ன என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அவள் சொல்வது சரி என்று அவனுக்கே பட்டது.

அடுக்களை வாசலிலிருந்து புஷ்பம் வந்தாள்.

"நீ சொல்றது சரிம்மா. அவங்க மூணு பேரும் அக்கா தங்கச்சிதான். அந்த ஒறவை அவங்களுக்கு யாரு குடுத்தா? பெத்தவங்களா, சாமியாரா, ஊரா? ஒருத்தருமில்ல. கேக்க ஆளில்லாத பொடுசுங்க, தாங்களா வச்சுக்கிட்டாங்க. அவங்க வழியில வந்தவதான நானு? அவங்களுக்கு இருந்த உரிமை எனக்கு இருக்கக்கூடாதா? இவரு எனக்கு அண்ணன் இல்ல. செத்தாலும் நானு அப்படிக் கூப்புடமாட்டேன்."

தெரசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு உள்ளே போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். அந்த வீட்டில் அவள் சம்மதம் சொல்லும் விதம் அதுதான்.

"ஒறவு சரி" என்று இழுத்தார் தோமினிக். "வருமானமில்லாத மாப்பிள்ளைக்கு ரெண்டாயிரத்தைந்நூறைத் தூக்கி எப்படிம்மா குடுக்கறது?"

"யாருப்பா குடுக்கச் சொன்னா? வெலையில்லாத சரக்குன்னு நீங்கதான சொன்னீங்க? வெலையில்லாததுக்கு எதுக்குச் சீதனம்? எனக்கு எழுவத்தஞ்சு ரூவா சம்பளம் வருது. ரெண்டு பேரு சாப்புட்டுக்குவோம்."

மிக்கேல் பதறினார். "ஏஞ்சாமி, என்ன இருந்தாலும் எம்.ஏ.ன்னா..."

"வேண்டாங்கப்பா" என்றான் ஞானதாஸ். இந்த முறை வாயைத் திறந்துவிட்டான்.

தோமினிக் மோட்டு வளையைப் பார்த்தார். மூன்று வருஷமாக அவர் பார்க்காத மாப்பிள்ளை இல்லை. குமாஸ்தா சீதனம் கேட்டான், வாத்தியார் கேட்டான், ரயில்வே கேட்டான். சல்லிக் காசு வேண்டாம் என்று ஒருத்தன் நிற்கிறான், அவனும் எம்.ஏ.! கல்யாணப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளலாம், மண்டித் தெருவில் ஒருவனுக்கும் அப்படி ஒரு மருமகன் கிடையாது. மானிடவியல் என்பது எவ்வளவு அருமையான படிப்பு என்று அவருக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. எஞ்சினீயருக்குப் படித்துத் தொலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

"மாப்ளே" என்று ஞானதாஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடாமலே மிக்கேல் பக்கம் திரும்பி, அவசரமாகச் சொன்னார்.

"எந்திரிங்க, இப்பவே போய்ச் சாமியாரைப் பார்த்து, வார ஞாயித்துக்கெழமையே மொத ஓலை வாசிக்கச் சொல்லிருவோமுங்க. நாளைக் கடத்துனா இவருக்கு எங்காச்சும் வேலை கெடைச்சுத் தொலைஞ்சிரும்."